யூத ஜெப ஆலயத்தில் பெரியவர்களுக்கான ஹீப்ரு, தோரா வகுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல யூத ஜெப ஆலயங்களில் குழந்தைகளுக்கு நடப்பதுபோலப் பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. சிறுவயதில் ஹீப்ரு படிக்கும் வாய்ப்பு கிடைக்காத யூதர்கள் வருகிறார்கள். பெற்றோரை இழந்து ‘கதீஷ்’ என்னும் துக்கப் பிரார்த்தனையைச் சொல்ல வேண்டியவர்கள், யூதரை மணந்தவர்கள், மதம் மாற எண்ணுகிறவர்கள், பைபிளை மூலமொழியில் வாசிக்க விரும்புகிறவர்கள் என்று மற்றவர்களும் வருகிறார்கள். சேருவதற்கு முன்பும் சேர்ந்த முதல் சில மாதங்களிலும் தமிழ் வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எந்த வகுப்பில் சேர்வது?

பெரும்பாலான ஆலயங்களில் கிடைப்பவை ஐந்து வகை. முதலாவது, எழுத்தறிமுகம். இரண்டாவது, வழிபாட்டு ஹீப்ரு. ‘சித்தூர்’ என்னும் பிரார்த்தனைப் புத்தகத்தைச் சபையோடு சேர்ந்து வாசிக்கப் பழக்குவது. மூன்றாவது, சனிக்கிழமைக் காலைத் தோரா படிப்பு, அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்களைப் படிப்பது. இதற்கு ஹீப்ரு தெரிந்திருக்க வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பே போதும். நான்காவது, பண்டிகை, சடங்கு, வரலாறு எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் யூத மத அறிமுக வகுப்பு. ஐந்தாவது, பெரியவர்களுக்கான பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வா குழு. பையனும் பெண்ணும் சமயக் கடமைகளை ஏற்கும் வயதை அடைவதைக் குறிக்கும் சடங்குகள் இவை.

பாதியில் நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான வகுப்பில் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டில் சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவர் பைபிள் இலக்கண வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஆறாவது வாரத்தில் சோர்ந்துவிடுவார். பதிவு செய்வதற்கு முன் உங்கள் தேவையை ஒரே வரியில் எழுதி ஆலய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ‘சித்தூரில் ஷெமா, அமீதா என்னும் இரண்டு முக்கியப் பிரார்த்தனைகளையும் ஹீப்ருவில் வாசிக்க வேண்டும்’ என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால் சரியான இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வகுப்புகள் பொதுவாக இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்த பிறகே சூடுபிடிக்கும். செப்டம்பரில் பெயர் கொடுத்துவிட்டு வகுப்பு தொடங்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். ரோஷ் ஹஷனா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹாத் தோரா என்று அடுத்தடுத்து வரும் நாட்கள் அவை. வசந்தகாலத்தில் பெசாஹ் (பஸ்கா) பண்டிகை வாரத்திலும் இடைவெளி இருக்கும்.

யூதர் அல்லாதவர் சேரலாமா?

ரிஃபார்ம், கன்சர்வேடிவ் பிரிவு ஆலயங்களில் தோரா படிப்பு, அறிமுக வகுப்பு, எழுத்தறிமுகம் மூன்றும் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை. மதம் மாறும் எண்ணம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்க மாட்டார்கள். மாறச் சொல்லி வற்புறுத்துவதும் யூத வழக்கத்தில் இல்லை. மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் ஆலயம் என்றால் முதலில் ரபியிடம், அதாவது ஆலயத்தின் மதகுருவிடம், பேசிவிடுங்கள். தோரா வாசிப்புக்கு மேடைக்கு அழைக்கப்படுவது மட்டும் எங்கேயும் பொதுவாக யூதர்களுக்கே உரியது.

மதம் மாற விரும்பினால் வகுப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒரு ரபியின் வழிகாட்டலில், பெரும்பாலும் ஓராண்டுச் சுற்றுப் பண்டிகைகளை வாழ்ந்து பார்க்க வேண்டும். அதன்பின் ‘பேத் தின்’ என்னும் மூவர் குழு முன்னிலையில் பேசி, ‘மிக்வே’ நீரில் முழுகி எழ வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனம் பற்றிய நெறிகளும் உண்டு.

நாற்பது, ஐம்பது வயதில் எழுத்தே தெரியாமல் வருவது கூச்சமாக இருக்கிறது.

யூத மரபின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான ரபி அகிவா நாற்பது வயது வரை எதுவும் படிக்காதவர் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. தன் மகனோடு ஆசிரியரிடம் போய், பலகையின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை மகன் பிடிக்க, ஆலெஃப்-பேத் என்னும் ஹீப்ரு அகரவரிசையை எழுதிப் படித்தாராம். 1920-இல் ஃபிராங்க்பர்ட் நகரில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் தொடங்கிய முதியோர் கல்விக்கூடமும், யூத நூல்களை விட்டு விலகிப் போயிருந்த படித்த பெரியவர்களுக்காகவே நடந்தது. எழுத்தறிமுக வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் எழுத்து தெரியாது. அங்கே வாய்திறந்து தவறாக வாசிப்பவர்தான் வேகமாக முன்னேறுகிறார்.

வாசிக்க எவ்வளவு காலம் ஆகும்?

ஐந்தே வாரத்தில் எழுத்துகளைச் சொல்லித்தரும் விரைவு வகுப்புகள் உண்டு. எழுத்தை அடையாளம் காண அது போதும், சரளமாக வாசிக்கப் போதாது. வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் சத்தமாக வாசிப்பு என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் சித்தூர் வரிகளைத் தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். சபையின் வேகத்தைப் பிடிக்கப் பெரும்பாலோருக்கு ஓராண்டு ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்பவரைவிடத் தினம் பத்து நிமிடம் படிப்பவர் முந்திவிடுவார். கண்ணுக்கும் வாய்க்கும் வேண்டியது அன்றாடப் பழக்கம்.

எழுத்துகளை எப்படிப் படிப்பது?

ஹீப்ருவில் 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக ஓடும். காஃப், மேம், நூன், பே, ட்ஸாதி ஆகிய ஐந்துக்கும் சொல்லின் இறுதியில் வேறு வடிவம் உண்டு. 119-ஆம் சங்கீதம் இந்த 22 எழுத்து வரிசையில், எழுத்துக்கு 8 வசனமாக அமைந்தது. பல தமிழ் பைபிள் பதிப்புகளில் அந்த எழுத்துப் பெயர்களே பகுதித் தலைப்பாக நிற்கின்றன.

அகரவரிசையில் படிக்க வேண்டாம். நல்ல பாடநூல்கள் ஷின், பேத், தாவ் மூன்றையும் முதலில் தந்து ‘ஷபாத்’ (வாராந்திர ஓய்வுநாள்) என்ற சொல்லை முதல் நாளே வாசிக்க வைக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு எழுத்து போதும்.

குழப்பம் வருவது ஒத்த உருவங்களில். டாலெத்துக்கு மேல் வலது மூலை கூர்மை, ரேஷுக்கு வளைவு. பேத்தின் அடிக்கோடு வலப்பக்கம் சற்றே வெளியே நீளும், காஃப் முழுக்க வளைந்திருக்கும். ஹேயின் இடது கால் கூரையைத் தொடாது, ஹேத்தில் தொடும். இறுதி மேம் சதுரம், சாமெக் உருண்டை. இந்தச் சோடிகளை ஒரே நாளில் படிக்காதீர்கள். ஒன்று கண்ணில் நன்றாகப் படிந்து ஒரு வாரம் கழிந்தபின் அடுத்ததை எடுங்கள். டாலெத், ரேஷ் குழப்பத்தை மரபே பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. உபாகமம் 6:4-இல் வரும் ஷெமா வசனத்தின் கடைசி எழுத்தான டாலெத் தோராச் சுருளில் பெரிய அளவில் எழுதப்படுகிறது. அதை ரேஷ் என்று வாசித்தால் ‘ஒருவர்’ என்பது ‘வேறொருவர்’ ஆகிவிடும்.

உயிர்க்குறிகளில் எங்கே தடுமாற்றம் வரும்?

எழுத்துகள் எல்லாம் மெய். உயிரொலிக்கு ‘நிக்குத்’ என்னும் புள்ளியும் கோடும் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே வரும். வழிபாட்டின் ஆசீர்வாதங்களில் முதலில் நிற்கும் ‘பாருஹ்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் பேத், அதன் வயிற்றில் ஒரு புள்ளி. புள்ளி இருப்பதால் ‘பஸ்’ என்பதில் வரும் ஒலி. புள்ளி இல்லாவிட்டால் அதே எழுத்து ‘வ’. அதன் அடியில் சிறு கோடும் தொங்கலுமாகக் கமாத்ஸ், அதாவது ‘ஆ’. பிறகு ரேஷ். அடுத்து வாவ், இடுப்பில் புள்ளியோடு. இங்கே அது மெய்யல்ல, ‘உ’ ஒலி. கடைசியில் வரிக்குக் கீழே இறங்கும் இறுதிக் காஃப், அதன் உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி ஷேவா. இங்கே அதற்கு ஒலி இல்லை.

ஷேவாதான் பலரையும் தடுக்கி விழவைக்கும். ஆரம்பத்தில் மூன்று விதி போதும். சொல்லின் முதல் எழுத்தடியில் வந்தால் குறுகிய ‘எ’ போல ஒலிக்கும். நடுவில் இரண்டு ஷேவா அடுத்தடுத்து வந்தால் முதலாவது மௌனம், இரண்டாவது ஒலிக்கும். சொல்லின் இறுதியில் மௌனம். இன்னொரு பொறி, சில இடங்களில் கமாத்ஸ் ‘ஒ’ என்று ஒலிப்பது. ‘கோல்’ என்ற சொல் அப்படிப்பட்டது. புதிய சித்தூர்கள் பலவற்றில் அந்தக் கமாத்ஸைத் தனி வடிவில் அச்சிடுகிறார்கள். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கெழுத்து இறைப்பெயரின் கீழ் என்ன புள்ளி இருந்தாலும் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கூடாது. வழிபாட்டில் ‘அதோனாய்’ என்பார்கள். வகுப்பில் பேசும்போது பலர் ‘ஹஷேம்’ என்பார்கள். தமிழ் பைபிள் வழக்கத்தில் ‘யெகோவா’ என்று சொல்லிப் பழகியவர்கள் இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யூதர் நடுவில் அந்த உச்சரிப்பு மிகவும் சங்கடம் தரும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு எது எளிது, எது கடினம்?

மெய்யோடு உயிர் சேர்ந்து ஓர் ஒலியாவது நமக்குப் பாலர் வகுப்பிலேயே பழகியது. எழுத்தோடு புள்ளியைச் சேர்த்து ஒரே மூச்சில் வாசிக்க ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் படும் பாடு நமக்கு இல்லை.

கடினமும் தமிழிலிருந்தே வருகிறது. ‘பால்’, ‘பஸ்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘ப’. ஹீப்ருவில் பே, பேத் என்று இரண்டு தனி எழுத்து. கிமெல், காஃப் சோடியும் டாலெத், தாவ் சோடியும் அப்படியே. இரண்டாவது, சொல்லின் கடைசி மெய்க்குப் பின் நம் வாய் தானாக ஓர் ‘உ’ சேர்த்துவிடும். ‘ஷபாத்’ என்பது ‘ஷபாத்து’ ஆகிவிடும். ஹீப்ருவில் அது கூடுதல் அசையாகக் கேட்கும், இசையோடு பாடும்போது தாளமும் தவறும். மூன்றாவது, அழுத்தம். பெரும்பாலான ஹீப்ரு சொற்களில் கடைசி அசையில்தான் அழுத்தம், நாம் முதல் அசையை அழுத்துகிறோம். நான்காவது, ஹேத், புள்ளியில்லாத காஃப் ஆகியவற்றின் தொண்டை ஒலி. ‘அஃது’ என்பதில் வரும் ஆய்தத்தைத் தொண்டை உரசச் சொன்னால் பக்கத்தில் வரும்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒலியை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

வேண்டாம். முதல் வழிபாட்டுக்குப் போகும்போது சபையோடு சேர்ந்துகொள்ள ஒலிபெயர்ப்புத் தாள் உதவும், அவ்வளவுதான். எழுத்து படிக்கத் தொடங்கிய பிறகும் அது பக்கத்தில் இருந்தால் கண் அங்கேதான் போகும். ஹீப்ரு எழுத்தைப் பார்க்கும் வேலையே நடக்காது. ஆண்டுக்கணக்கில் வகுப்புக்கு வந்தும் வாசிக்க வராதவர்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தமிழில் எழுதினால் இழப்பு இன்னும் அதிகம். மேலே சொன்ன சோடிகள் எல்லாம் ஒரே எழுத்தாகிவிடும். இரண்டு பக்கமும் அச்சிட்ட சித்தூர் என்றால் ஒலிபெயர்ப்பு இருக்கும் பக்கத்தை ஒரு தாளால் மூடிவிட்டு வாசியுங்கள்.

வாசிக்க வருகிறது, பொருள் புரியவில்லையே?

இந்தக் கட்டம் எல்லோருக்கும் உண்டு. அகராதியைப் புரட்டத் தொடங்காதீர்கள். சித்தூரில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறு நூற்றைம்பதைப் படித்தாலே பாதி வரி திறந்துவிடும். பெரும்பாலான சொற்களுக்கு மூன்றெழுத்து வேர் இருக்கும். சொல்லின் முன்னால் ஒட்டும் ‘வெ’ (மற்றும்), ‘ஹ’ (அந்த), ‘பெ’ (இல்), ‘லெ’ (க்கு), ‘மி’ (இலிருந்து) ஆகியவற்றைப் பென்சிலால் பிரித்துக் கோடிட்டுப் பழகுங்கள். நீளமாக மிரட்டும் சொல் பாதியாகிவிடும்.

இங்கே படித்தால் ஹீப்ரு பேச வருமா?

வராது. பேச்சு ஹீப்ருவுக்கு ‘உல்பான்’ என்னும் தீவிர வகுப்பு முறை தனியாக உண்டு. இஸ்ரேல் நாடு பிறந்ததும் குடியேறியவர்களுக்காக 1949-இல் எருசலேமில் தொடங்கியது. சில ஆலயங்களில் அதே பெயரில் மாலை வகுப்பும் நடக்கும். எழுத்தறிமுகம் இரண்டுக்கும் பொது, அதற்குப் பின் பாதை பிரிந்துவிடும்.

அப்பா காலமாகிவிட்டார். கதீஷ் சொல்ல வேண்டும், ஹீப்ரு தெரியாது.

நேரே ரபியிடம் போங்கள், வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் சொல்லும் பிரார்த்தனை இது. பத்துப் பேர் கூடிய ‘மின்யான்’ இருந்தால்தான் சொல்லலாம். இதன் பெரும்பகுதி ஹீப்ருவுக்கு நெருங்கிய பழைய மொழியான அரமேயம், ஹீப்ரு நன்றாக வாசிப்பவர்களே இதில் திணறுவதுண்டு. ஒலிபெயர்ப்பு வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. துக்கத்தில் இருப்பவர் எந்தத் தாளை வைத்தும் சொல்லலாம்.

நாக்கு பிறழும் இடம் நடுவில் வரும் எட்டு வினைச்சொல் வரிசை. யித்பாரஹ், யிஷ்தபஹ், யித்பாஅர், யித்ரோமம், யித்நசே, யித்ஹதார், யித்அலே, யித்ஹலால். இவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியையும் மெதுவாகப் பத்து முறை சொல்லிவிட்டுப் பிறகு கோத்துக்கொள்ளுங்கள். பல ஆலயங்களில் துக்கம் காப்பவர்கள் சேர்ந்தே சொல்வார்கள். முதல் வாரங்களில் அவர்கள் குரலைப் பின்தொடர்ந்தால் போதும், தனியாக இழுக்க வேண்டியதில்லை. சபை ‘ஆமென்’ சொல்லும் இடங்களில் நிறுத்த மறக்காதீர்கள்.

சனிக்கிழமைத் தோரா படிப்பில் என்ன நடக்கும்?

தோரா 54 வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, சிம்ஹாத் தோரா பண்டிகையன்று முடிந்து அன்றே மறுபடி தொடங்கும். அந்தந்த வாரப் பகுதியை வழிபாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். ஒருவர் சில வசனம் வாசிப்பார், யாரேனும் கேள்வி எழுப்புவார், ஆலயத்தின் ரபி, ராஷி என்பவரின் உரையை எடுத்துவைப்பார். ராஷி 1040 முதல் 1105 வரை வாழ்ந்த பிரெஞ்சு உரையாசிரியர். நம் பரிமேலழகரைப்போலச் சுருக்கமாக எழுதுவார், அவர் ஏன் இந்த இடத்தில் வாய் திறந்தார் என்று கேட்டுப் பார்ப்பதுதான் படிப்பு.

முரண்பட்டுப் பேசுவதை அங்கே அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. ரபி சொன்னதையே மறுக்கலாம், வசனத்தைக் காட்டி மறுக்க வேண்டும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்து பழகிய தமிழர்களுக்கு இது முதலில் திகைப்பாக இருக்கும். ஒரு கேள்வியை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். ‘ஹெவ்ரூத்தா’ என்னும் இருவர் படிப்பில் இது இன்னும் கூர்மையாகும். ஒருவர் சத்தமாக வாசித்து விளக்க, மற்றவர் ஓட்டையைத் தேடுவார்.

தால்முத் படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஓராண்டாவது தோரா படிப்பில் இருந்துவிட்டுப் போவது நல்லது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பும் அதன்மேல் அரமேயத்தில் எழுந்த விவாதமும் சேர்ந்தது அது. தினம் ஓர் ஏடாக 2,711 ஏடுகளை ஏறத்தாழ ஏழரை ஆண்டில் முடிக்கும் ‘தாஃப் யோமி’ 1923-இல் தொடங்கியது. ஏடு என்றால் இரண்டு பக்கம். புதியவர் அந்த வேகத்தில் போனால் ஒன்றும் தங்காது. ஒரு பத்தியை ஒரு மாதம் படியுங்கள்.

பெரியவர்களுக்கு எதற்குப் பார் மிட்ஸ்வா?

சட்டப்படி அவசியம் இல்லை. பையன் 13 வயதிலும் பெண் 12 அல்லது 13 வயதிலும் சடங்கு இல்லாமலேயே அந்த நிலையை அடைந்துவிடுகிறார்கள். சடங்கு என்பது சபை முன் தோரா வாசிக்கும் தகுதியைக் காட்டுவது. வருபவர்களில் வயதான பெண்கள் பலர் உண்டு. அமெரிக்காவில் முதல் பாத் மிட்ஸ்வா என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் கப்லனுக்கு நடந்தது. அவரும் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். அந்த வழக்கம் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. குழுவாகப் படித்து முடிக்க ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆகும்.

சுருளிலிருந்து வாசிக்க எப்படிப் பயிற்சி எடுப்பது?

சுருளில் உயிர்க்குறி இல்லை, இசைக்குறி இல்லை, வசன எண்ணும் இல்லை. ஆனாலும் மனப்பாடமாகச் சொல்லக் கூடாது, எழுத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டும் என்பது நெறி. இதற்காக ‘திக்குன்’ என்னும் பயிற்சி நூல் இருக்கிறது. ஒரு பத்தியில் எல்லாக் குறிகளோடும், பக்கத்துப் பத்தியில் சுருளில் இருப்பதுபோல வெறுமையாகவும் அதே பகுதி அச்சாகியிருக்கும்.

புதியவருக்கு மூன்று வசனம் தருவார்கள், ஓர் அழைப்புக்குக் குறைந்த அளவே அதுதான். முதல் வாரம் இசை வேண்டாம். குறியுள்ள பத்தியைப் பேச்சுக்குரலில் தவறில்லாமல் வாசியுங்கள், பொருளும் தெரிந்திருக்கட்டும். இரண்டாவது, எத்னஹ்தா குறி எங்கே என்று பாருங்கள். வசனத்தை அது இரண்டாக மடிக்கும், மூச்சு விடும் இடம் அது. மூன்றாவது, குறிகளின் இசை. மெர்ஹா-திப்ஹா, மஹ்பாஹ்-பஷ்தா என்று கூட்டம் கூட்டமாக வரும், அப்படியே படியுங்கள். ஷல்ஷெலெத் என்ற நீண்ட குறி தோரா முழுவதிலும் நான்கே இடத்தில்தான் வருகிறது, அதற்காக இப்போது நேரம் செலவிட வேண்டாம். தோராவின் இசை வேறு, தீர்க்கதரிசிகள் பகுதியான ஹஃப்தாராவின் இசை வேறு. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் கலந்துவிடும்.

நான்காவதாக வெற்றுப் பத்திக்கு மாறுங்கள். ஒரு சொல்லில் நின்றால் உடனே அடுத்த பத்தியைப் பார்க்காமல் ஐந்து விநாடி யோசியுங்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இசை ஓடும், கண் வேறு வரியில் இருக்கும், ஒரு சொல் தவறினால் மீண்டும் இடம் பிடிக்க முடியாது. கடைசி வாரத்தில் ஒருமுறையாவது உண்மையான சுருள் முன் நின்று, ‘யாத்’ என்னும் சுட்டுகோலைச் சொல் சொல்லாக நகர்த்தி வாசித்துப் பாருங்கள். எழுதுபவர் வரியை நிரப்பச் சில எழுத்துகளை நீட்டியிருப்பார். நீண்ட டாலெத்தை முதன்முதலாக மேடையில் பார்த்தால் தடுமாறும்.

மேடையில் தவறினால்?

பக்கத்தில் நிற்கும் கபாய், அதாவது வாசிப்பைக் கவனிக்கும் உதவியாளர், பொருள் மாறும் தவறைத் திருத்துவார். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடருங்கள், மன்னிப்பு கேட்க வேண்டாம். நன்றாக வாசிப்பவர்களுக்கும் இது நடக்கும். வாசிக்காமல் ஆசீர்வாதம் சொல்ல மட்டும் அழைக்கப்பட்டால், வாசிப்பவர் காட்டும் சொல்லைத் தாலித் என்னும் பிரார்த்தனைச் சால்வையின் ஓரத்தால் தொட்டு முத்தமிட்டு, சுருளின் மரப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். முடிந்ததும் அடுத்தவர் முறை முடியும் வரை அங்கேயே நிற்பது வழக்கம். சுருளின் தோலை வெறும் விரலால் தொடாதீர்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக ஆண்களை மட்டுமே அழைப்பார்கள்.

வகுப்புக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முன்பதிவு செய்துவிட்டு அடையாள அட்டையோடு போங்கள். பல ஆலயங்களில் வாசலில் பையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆண்கள் கிப்பா என்னும் சிறு தொப்பி அணிய வேண்டும், வாசலருகே கூடையில் இருக்கும். வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துப் போகாதீர்கள், கோஷர் என்னும் உணவு விதிகள் உண்டு. ஷபாத்தில் பல இடங்களில் எழுதுவதும் கைபேசி எடுப்பதும் கூடாது. அன்று குறிப்பு எடுக்க முடியாது என்று எண்ணியே போங்கள், பக்கத்தை நினைவில் வைக்கச் சீட்டு செருகிக்கொள்ளலாம். சித்தூரைத் தரையில் வைக்கக் கூடாது. விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். இறைப்பெயர் அச்சான பழைய தாள்களைக் குப்பையில் போடாமல் ஆலயத்திலேயே கொடுங்கள், பின்னர் புதைப்பார்கள்.

கட்டணம்?

தோரா படிப்பு பெரும்பாலும் இலவசம். எழுத்தறிமுகத்துக்கும் அறிமுக வகுப்புக்கும் கட்டணம் இருக்கும், உறுப்பினர்களுக்குக் குறைவு. கட்ட முடியாவிட்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள். அதற்கென்று நிதி வைத்திருக்கும் ஆலயங்கள் பல.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு படிக்க முடியுமா?

நமக்கு அருகிலுள்ள பழைய ஜெப ஆலயம் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஆலயம். அங்கே போவது கட்டடத்தைப் பார்க்கத்தான். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலேயே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். படிக்க இணையமே வழி. வட அமெரிக்க ஆலயங்கள் பலவும் தோரா படிப்பையும் எழுத்தறிமுகத்தையும் ஜூமில் நடத்துகின்றன. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நேரம் மாறும் மார்ச், நவம்பர் மாதங்களில் கவனமாக இருங்கள். ஷபாத்தில் மின்கருவி பயன்படுத்தாத ஆலயங்களில் சனிக்கிழமை இணைய வகுப்பு இருக்காது, வாரநாள் வகுப்பைக் கேளுங்கள். தோரா, ராஷி, மிஷ்னா, தால்முத் எல்லாம் ஹீப்ருவிலும் ஆங்கிலத்திலும் செஃபாரியா தளத்தில் இலவசம். எழுத்தறிமுகத்தை மட்டும் ஆசிரியர் இல்லாமல் முடிக்க முயல வேண்டாம். வாரம் ஒருமுறையாவது உங்கள் வாசிப்பைக் கேட்டுத் திருத்த ஒருவர் வேண்டும், அதிலும் பே, பேத் சோடிக்கு.